விரைவும் வேண்டும், நீதியும் வேண்டும்
(பாகான் டாலாமில் ஆற்றிய உரை)



குற்றங்களை விரைந்து அடக்குதல் அரசின் கடமை. அந்நோக்கில் எழுந்த 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம், ஒருவரை விசாரணையின்றி ஈராண்டு வரை தடுத்து வைக்க இடந்தந்தது. 2011இல் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனத்தை விலக்கியதால் அது பின்னர்ச் செயலிழந்தது. எனினும், திருத்தப்பெற்ற குற்றத் தடுப்புச் சட்டத்தின்வழி 2014இல் அத்தகைய தடுப்புக்காவல் மீண்டும் வந்தது.

விரைந்து வீசும் வலையில் குற்றமற்றவரும் சிக்கலாம். ஆதலின், சாதாரண வழக்குகளில் அரசியலமைப்பின் 5ஆவது விதி தரும் காப்பினை அறிந்திருங்கள். கைதின் காரணம் கூறப்படல் வேண்டும், வழக்கறிஞரை நாடலாம், 24 மணி நேரத்திற்குமேல் காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். வசதியற்ற குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் துணை நிற்கின்றது.

பிள்ளை பிடிபட்டால் அஞ்சி ஒதுங்காதீர்கள். காவல் நிலையம் சென்று காரணம் கேளுங்கள். சட்டத்தை மதிப்போர், அது தரும் உரிமையையும் காத்தல் வேண்டும்.