பரிசில்லாத ஓட்டம்

கனடாவின் சிறு பட்டினமொன்றிற் புதிதாகக் குடியேறுபவருக்கு அயலவரின் பெயர்கள் தெரியா; அவர்களும் அவரை அறியார். இலங்கையிலிருந்து சென்ற தமிழர் பலர் இத்தனிமையை நன்கறிவர். அங்கே செப்டெம்பர் மாதத்து ஞாயிறொன்றில் நடைபெறும் ரெரி பொக்ஸ் ஓட்டம் அத்தகையோருக்கு நல்லதொரு வாயிலாகும்.

ரெரி பொக்ஸ் 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த இளைஞர். அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டும் பொருட்டு, 1980 ஏப்ரல் 12ஆந் திகதி கிழக்குக் கரையிலுள்ள சென் ஜோன்ஸ் நகரிலிருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலிற் பரவியமையால் ஓட்டம் இடையில் நின்றது. 1981 ஜூன் 28இல், 22ஆம் வயதில் அவர் மறைந்தார். அவ்வாண்டு செப்டெம்பரிலேயே அவர் பெயரால் முதலோட்டம் நடைபெற்றது.

இவ்வோட்டத்திலே முதல்வருமில்லை, கடையருமில்லை. நுழைவுக் கட்டணமுங் கிடையாது, இயன்றதைக் கொடுக்கலாம். ஓடலாம், நடக்கலாம், சைக்கிளிற் செல்லலாம், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளலாம், நாயையுங் கூட்டிவரலாம். நமது பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிலே நான்காவதாக வரும் பிள்ளையை எவர் நினைக்கின்றனர்? அங்கே அந்தக் கவலையில்லை. மெல்ல நடக்கும் புதியவருக்கு, மெல்ல நடக்கும் பழைய ஊரவர் ஒருவர் துணையாக வாய்த்துவிடுகிறார்.

இன்னாருக்காக ஓடுகின்றேன் என்று எழுதிய சீட்டைப் பலர் மார்பில் ஒட்டிக்கொள்வர். யாழ்ப்பாணத்திலே இந்நோயால் மாண்ட தாயின் பெயரைப் புதியவரும் அதில் எழுதலாம். அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பதென்று பக்கத்தில் நடப்பவர் கேட்பார்.