திரைக்குள் வரும் இருளும் நம் பிள்ளைகளும்

(பங்கு ஜூபிலியையொட்டிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மகிழ்ச்சியான ஜூபிலி வேளையில் துயரமான பொருளைப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். பழைய ஏற்பாட்டில் ஜூபிலி என்பது கட்டுண்டோரை விடுவிக்கும் ஆண்டு. இன்று நம் பிள்ளைகளுள் சிலர் கண்ணுக்குத் தெரியாத கட்டொன்றில் அகப்பட்டிருக்கிறார்கள். அதைப் பேசாமல் ஜூபிலி கொண்டாடுவது முறையாகாது.

கதைக்குள்ள வலிமையைச் செஞ்சிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1714-ல் தேசிங்கு ராஜன் போரில் மடிந்தான். அவன் ராணி தீயில் இறங்கினாள் என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அக்கதையை நாம் பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்டோம், கண்ணீர் விட்டோம், எழுந்து அவர்களோடு வீட்டுக்குப் போனோம். ஆயினும் சாவைப் புகழ்வது ஆபத்து என்பதை நாடு உணர்ந்தது. உடன்கட்டையை மட்டுமல்ல, அதைப் போற்றுவதையும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது.

இன்றைய கதை நடு இரவில், போர்வைக்குள், தனித்திருக்கும் பிள்ளையின் கைக்கு வருகிறது. சோகமான படமொன்றைச் சற்று நேரம் பார்த்தால் போதும். அதுபோன்ற படங்களை இயந்திரம் தானாகவே வரிசையாகக் கொண்டுவந்து வைக்கிறது. தன்னைத்தானே காயப்படுத்துவதும் சாவதும் அங்கே அழகாகவும், துன்பத்துக்கு ஒரே மருந்தாகவும் காட்டப்படுகின்றன. "வேண்டாமடா கண்ணு" என்று தடுக்க அங்கே அத்தையும் இல்லை, தாத்தாவும் இல்லை.

2017-ல் லண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். கடைசி 6 மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவள் விரும்பியும் சேமித்தும் பகிர்ந்தும் வைத்த பதிவுகளுள் சுமார் 2,100 மனச்சோர்வு, தன்காயம், தற்கொலை பற்றியவை. இத்தகைய பதிவுகளுக்கும் அவள் சாவில் பங்குண்டு என்று 2022-ல் விசாரணை அதிகாரி முடிவுரைத்தார். அதே 2017-ல் 'நீலத் திமிங்கலம்' விளையாட்டைப் பற்றிய அச்சம் தமிழகத்தை உலுக்க, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது.

திரை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தேர்வுத் தோல்வி, வீட்டுச் சண்டை, அவமானம், மனநோய் இவற்றால் ஏற்கெனவே புண்பட்ட மனத்தில்தான் அந்த நஞ்சு எளிதில் இறங்குகிறது. கைப்பேசியைப் பிடுங்கி உடைத்தால், பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்ளும், புண் ஆறாது.

மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில், கல்லறைகளிடையே இரவும் பகலும் கூச்சலிட்டு, கற்களால் தன்னையே காயப்படுத்திக்கொண்ட மனிதனைக் காண்கிறோம். ஊரார் அவனுக்குச் சங்கிலி போட்டார்கள். ஆண்டவரோ அருகில் நின்று பெயர் கேட்டார். குணமாக்கி வீட்டாரிடமே அனுப்பினார். சங்கிலியா, உரையாடலா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

எனவே பெற்றோரே, இரவில் எல்லாருடைய கைப்பேசிகளும், உங்களுடையது உட்பட, கூடத்திலேயே இருக்கட்டும். பிள்ளை ஒதுங்கினாலோ, உறக்கம் கெட்டாலோ, காயங்களை மறைத்தாலோ, பழித்துப் பேசாமல் பக்கத்தில் அமருங்கள். "சாக வேண்டும்போல் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. நெஞ்சுப் பாரம்தான் இறங்கும். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 'சினேகா' அமைப்பு 1986 முதல் இப்பணியைச் செய்துவருகிறது.

ஊர் என்ன சொல்லும், கோயிலில் என்ன சொல்வார்கள் என்று மறைக்க வேண்டாம். தற்கொலை செய்தோருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுத்த பழைய விதி, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இல்லை. கடும் மனவேதனை ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என்றும், இறந்தவரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும் நம் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. திருச்சபையே இரங்கும்போது நாம் ஏன் விரல் நீட்ட வேண்டும்?

ஜூபிலி நினைவாகக் கொடிமரமும் கெபியும் எழுப்புகிறோம், நல்லதே. அத்தோடு, எந்தப் பிள்ளையும் எந்த இரவிலும் அஞ்சாமல் தட்டக்கூடிய கதவு ஒன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!