போர்வை கேட்காத சவர்க்காரம்



வீட்டில் சவர்க்காரம் செய்யும் பெண்கள் பலரை ஒரு வட்டம் கலங்க வைக்கிறது. இறுகிய கட்டியை அச்சிலிருந்து எடுத்துத் துண்டு போட்டால், நடுவில் அடர்நிறத்தில், கண்ணாடிபோல் ஒரு வட்டம் தெரியும். சுற்றிலும் வெளிறிய விளிம்பு. காரம் சரியாகக் கலக்கவில்லை என்று பயந்து மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். ஒரு கிலோ எண்ணெயும் ஒரு நாள் உழைப்பும் போயிற்று. அக்கம்பக்கத்தில் விற்று நாலு காசு பார்க்கலாம் என்று இறங்கியவருக்கு இது சிறிய இழப்பு அல்ல. உண்மையில் அந்த வட்டத்தால் சவர்க்காரத்திற்கு ஒரு கெடுதலும் இல்லை.

அந்த வட்டம் சூட்டின் அடையாளம். எண்ணெயும் காரக் கரைசலும் சேர்ந்து வினைபுரியும்போது தானாகவே வெப்பம் பிறக்கிறது. அச்சில் ஊற்றிய பிறகும் பல மணி நேரம் இது தொடரும். நடுப்பகுதியின் வெப்பம் ஏறக்குறைய 60 முதல் 80 பாகை செல்சியஸ் வரை உயர்ந்தால், கலவை இளகி, ஒளி ஊடுருவும் கூழாகிறது. பிறகு ஆறி இறுகுகிறது. இதுவே கூழ்நிலை. ஓரங்கள் சீக்கிரம் ஆறிவிட, நடுப்பகுதி மட்டும் கூழானால் வட்டம் விழும்.

கூழ்நிலையைக் கடந்த சவர்க்காரத்தில் நிறம் பளிச்சென்று இருக்கும். மறுநாளே அச்சிலிருந்து எடுத்துவிடலாம். கூழாகாதது வெண்மையாக, பாலாடை போன்ற மங்கலான அழகோடு இருக்கும். அதை எடுக்க மூன்று நாளோ ஐந்து நாளோ பொறுக்க வேண்டும். மேலே வெள்ளைப் பொடி படிவதும் இதில்தான் அதிகம். இரண்டும் நல்ல சவர்க்காரமே. எது வேண்டும் என்பதை ஊற்றுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பாதியில் நிற்பதுதான் தொல்லை.

இங்கேதான் மேலைநாட்டுக் குறிப்புகள் நம் பெண்களைத் தடுமாற வைக்கின்றன. "அச்சைத் துண்டால் சுற்றி, போர்வை போர்த்தி வையுங்கள்" என்று அவை சொல்லும். குளிர்நாட்டுச் சமையலறைக்கு அது சரி. அங்கே தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்திருக்கும், அதை உருக்கவே சூடேற்ற வேண்டும். நம் நாட்டில் அது பெரும்பாலும் உருகியே இருக்கிறது. சமையலுக்கு வாங்கும் செம்பனை எண்ணெயும் அப்படியே. பகலில் 30 பாகையைத் தாண்டும் வீட்டில், பெரிய அச்சுக்குப் போர்வையும் போர்த்தினால் மேற்பரப்பு வெடித்துப் பிளக்கும். பாலோ தேனோ சேர்த்திருந்தால் எரிமலைபோல் பொங்கி வழியவும் கூடும்.

ஆகவே அச்சைத் தேர்ந்தெடுப்பது அழகுக்காக மட்டும் அல்ல. சூட்டைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி அதுதான். நீள ரொட்டி வடிவ மரப்பெட்டி சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். முழுக் கட்டியும் கூழாக வேண்டும் என்பவருக்கு அது ஏற்றது. உள்ளே பேக்கிங் தாள் விரிக்க மறக்கக் கூடாது. பி.வி.சி. குழாயும் நடுவில் நன்றாகச் சூடேறும். சின்னச் சின்னக் குழிகள் உள்ள சிலிக்கோன் அச்சில் வெப்பம் விரைவில் வெளியேறிவிடும். வெள்ளைச் சவர்க்காரமும் பால் சவர்க்காரமும் விரும்புவோர் அதையே எடுக்கலாம். கழுவிய பால் அட்டைப்பெட்டிகூட முதல் முயற்சிக்குப் போதும்.

அலுமினியத் தட்டு மட்டும் கூடவே கூடாது. கேக் செய்யும் தட்டு கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று அதில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். காரம் அலுமினியத்தை அரிக்கும். தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். தட்டும் போகும், சவர்க்காரமும் போகும்.

அச்சுக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும்? நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, வந்ததை 0.7-ஆல் பெருக்கினால் எண்ணெயின் எடை ஏறக்குறைய கிராமில் கிடைக்கும். 20-க்கு 8, உயரம் 7 என்றால் 784 கிராம். காரத்தின் அளவை மட்டும் இப்படிக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் அது வேறு: 100 கிராம் தேங்காய் எண்ணெய் சுமார் 18 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை ஏற்கும், செம்பனை எண்ணெய் 14 கிராமைத்தான் ஏற்கும். தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள கலவை கூடுதலாகச் சூடேறுவதும் இதனால்தான். காரத்தைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தின்மேல் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்யட்டும்.

கூழ்நிலை வேண்டாம் என்றால் காரக் கரைசலை அறை வெப்பத்திற்கு ஆறவிட்டு, தண்ணீரைச் சற்றுக் குறைத்துக் கலக்கலாம். தண்ணீர் கூடினால் குறைந்த சூட்டிலேயே கூழாகிவிடும். ஊற்றியபின் அச்சைக் கம்பித் தட்டின்மேல் வைத்து மின்விசிறியைத் திருப்பிவிட வேண்டும். அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு ஏறும். பால் கலந்ததை ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. முழுதும் கூழாக வேண்டுமா? ஓவனை 70 பாகை அளவுக்குச் சூடாக்கி, அணைத்துவிட்டு, அச்சை இரவு முழுவதும் உள்ளே வைக்கலாம். குளிரூட்டி ஓடும் அறையில் மட்டும் ஒரு துண்டு போர்த்துவது பயன்படும்.

எப்படிச் செய்தாலும் நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டத்தில் காய வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கட்டியின்மேல் துளித்துளியாக ஈரம் பூக்கும். அதிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது, துடைத்துவிட்டால் போதும். துண்டின் உள்ளே திரவம் தேங்கிய குழிகளோ, கடினமான வெள்ளைக் கட்டிகளோ தெரிந்தால் அது வேறு விஷயம், அதை மேனியில் தேய்க்கக் கூடாது. வெறும் வட்டம் விழுந்ததை மற்றவற்றோடு சேர்த்துக் காய வைத்து, வீட்டுக் குளியலறையிலேயே பயன்படுத்தலாம்.