மார்பகப் பரிசோதனை: கட்டி தெரிந்த பிறகு?

உடல் அரசியல் பற்றி நிறையப் பேசுகிறோம். நான் ஒரே ஒரு உறுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முலை. அதைப் பற்றிக் கவிதை எழுதலாம், சிலையில செதுக்கலாம். அதுல ஒரு கட்டி இருக்குன்னு சொல்ல மட்டும் நம்ம பொம்பளைங்களுக்கு வாய் வராது.

மேமோகிராம் என்பது மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. கைக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டியையும் அது காட்டும். 40 முதல் 74 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும்படி அமெரிக்காவில் 2024இல் பரிந்துரைத்தார்கள். அங்கே கறுப்பினப் பெண்களுக்கு இந்த நோய் வெள்ளைப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஆனால் சாவு சுமார் 40 சதவீதம் அதிகம். இத்தனைக்கும் மேமோகிராம் எடுப்பதில் அவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். நோயின் வகை ஒரு காரணம். படம் எடுத்த பிறகு சிகிச்சை தாமதமாவது இன்னொரு காரணம்.

நமக்கு அந்த எந்திரமே தூரம். அப்போ என்ன வழி? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையான சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். மீதிப் பேருக்கு நோய் பற்றிய விளக்கம் மட்டும்தான். அது நியாயமா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். 2021இல் முடிவு வெளிவந்தது. 50 வயது தாண்டியவர்களிடம் இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை.

தொட்டுப் பார்க்கிறது எவ்வளவு பெரிய காரியம்னு இந்த மேடையில நான் விளக்க வேண்டியதில்லை.

30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்யணும்னு மத்திய அரசே 2016இல் வழிகாட்டுதல் தந்தது. உங்க ஊர்ல எத்தனை பேருக்கு நடந்திருக்கு?

'விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். வங்கியில் என் கவுன்டருக்கு வருகிற பெண்கள் பிள்ளை படிப்புக்கு, புருஷன் ஆபரேஷனுக்குப் பணம் எடுக்கிறார்கள். தன் உடம்புக்காக எடுத்தவர்கள் அபூர்வம். ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே பரிசோதனையை மட்டும் கேட்காதீர்கள். ஊசிப் பரிசோதனை, அறுவை, மருந்து, பஸ் செலவு, இழந்த கூலி எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். மாணவத் தோழர்களே, உங்க அம்மாவுக்கு இப்ப அந்த வயசுதான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல்ல அவங்களோட போங்க.