நூற்பாலை வாசல் வரை போகாத ஆய்வு



நிறுவனங்களின் விநியோகச் சங்கிலியில் நவீன அடிமைத்தனம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கக்கூடும் என்று ஆராயக் கூடியிருக்கிறோம். உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருக்கிறார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021-ஆம் ஆண்டுக்குச் சொன்ன மதிப்பீடு. நான் தூரத்து நாடுகளுக்குப் போகவில்லை. நம் பனியன் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூரிலிருந்து கப்பலேறும் ஒரு டி-சர்ட்டுக்கான பஞ்சு குஜராத்திலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வந்திருக்கும். கோவை, திண்டுக்கல், ஈரோடு வட்டார மில் ஒன்றில் நூலாகி, நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் கடந்துதான் அது பெட்டிக்குள் போகிறது. வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வழக்கமாக வந்து நிற்பது கடைசிக் கட்டமான கார்மென்ட்ஸ் கம்பெனியில். தீயணைப்புக் கருவியையும் வருகைப் பதிவேட்டையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். நூற்பாலை விடுதியின் கேட் அவர் கண்ணில் படுவதில்லை.

அந்தக் கேட்டுக்குள்தான் சுமங்கலித் திட்டம் நடந்தது. மூன்று ஆண்டு வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை கிடைக்கும் என்ற பேச்சை நம்பி, ஏழைப் பெற்றோர் தங்கள் பெண் பிள்ளைகளை அனுப்பினார்கள். பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்களில் ஏராளம். 18 வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். கடைசியில் கொடுப்பதாகச் சொன்ன பணம் யாரும் போட்ட சீர் அல்ல, மாதாமாதம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலி. உடம்புக்கு முடியாமல் இடையில் ஊர் திரும்பினால் அதுவும் போயிற்று. பல விடுதிகளில் செல்போன் கூடாது, வார்டன் துணையில்லாமல் கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. கட்டாய உழைப்புக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த 11 அறிகுறிகளில் ஏமாற்று, கூலியை நிறுத்திவைத்தல், நடமாட்டத் தடை, தனிமைப்படுத்தல் என நான்கு ஒரே கூரையின் கீழ் இருந்தன. நெதர்லாந்தின் சோமோ அமைப்பு 2011-லும் 2014-லும் அறிக்கைகள் வெளியிட்டு இதை உலகின் முன் வைத்தது.

சுமங்கலி என்ற பெயரை இன்று யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஏஜென்ட் கூட்டிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய ரயில் கட்டணமும் ஏஜென்ட் கமிஷனும் யார் தலையில் எழுதப்படுகின்றன என்று கேட்டாக வேண்டும்.

குறைந்தபட்ச கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று நம் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. பிரிட்டன் 2015-இல் கொண்டுவந்த சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியில் நவீன அடிமைத்தனம் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. சப்ளையர் ஒழுங்குவிதியில் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று அதில் எழுதுவதை நான் ஆதாரமாக ஏற்க மாட்டேன்.

ஆதாரம் வேறிடத்தில் இருக்கிறது. நூல் கோன் மூட்டையில் மில் பெயர், கவுண்ட், லாட் எண் இருக்கும். லாரியோடு இ-வே பில் வரும். நூல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்பவர் தேடவில்லை என்றே பொருள். அடுத்து, அந்த மில்லில் எத்தனை கதிர் ஓடியது, எத்தனை கிலோ நூல் பில் போடப்பட்டது, அதற்கு எத்தனை ஆள் தேவை என்று கணக்குப் போடுங்கள். பதிவேட்டில் உள்ள ஆட்கள் எட்டு மணி நேரம் பார்த்து அவ்வளவு நூல் வராது என்றால், யாரோ ஒன்றரை ஷிப்ட் நின்றிருக்கிறார்கள்.

கணக்கு சொல்லாததை வேலை செய்பவர்தான் சொல்ல முடியும். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். இந்த அச்சத்தை எதிர்கொண்ட முயற்சி ஒன்று உண்டு. ஓர் இளம் பெண் தொழிலாளி 2021-இல் கொலையுண்ட பிறகு, பெண்களே தலைமை ஏற்றிருக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி 2022-இல் உற்பத்தியாளரோடும் பிராண்டோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. தையல் பிரிவோடு நூற்பாலையும் அதில் அடங்கும். தொழிலாளர்களே பயிற்சி பெற்றுத் தளத்தில் கண்காணிக்க அது வழி வகுத்தது. சப்ளையர் மீறினால் பிராண்டு நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும் என்பது அதன் விதி. எத்தனையோ ஆடிட்களை விட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மில்லை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். பீஸ் விலையைக் குறைத்து டெலிவரி தேதியை முன்னுக்கு இழுக்கும் பையரின் ஆர்டர் தாளையும் ஆய்வுக்கு எடுங்கள். பிற்பகல் அமர்வில் விடுதிகளில் தங்கி வேலை பார்த்த பெண்கள் பேசுகிறார்கள்; அவர்களுக்கு ஒதுக்கிய நேரத்திலிருந்து ஒரு நிமிடத்தைக்கூட மற்ற உரைகளுக்கு எடுக்க வேண்டாம் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.