புரியாத ஒப்புதல் ஒப்புதல் ஆகாது
(பெங்களூருவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கின் மனுதாரர், இதே பெங்களூருவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. 2012இல் ஆதார் திட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றபோது அவருக்கு வயது 86.

அவ்வாறு வென்ற உரிமை, இன்று கைப்பேசித் திரையில் ‘சம்மதிக்கிறேன்’ என்னும் ஒரே தொடுதலில் பறிபோகிறது. செயலிகளின் தனியுரிமைக் கொள்கைகள் பக்கம் பக்கமாக ஆங்கிலச் சட்டமொழியில் நீள்கின்றன. இந்நகரில் வீடுவீடாக உணவு கொண்டுசெல்லும் தொழிலாளி அவற்றைப் படித்தறிந்தே ஒப்புகிறார் என்பது வெறும் பாவனை.

ஒப்புதல் கோரிக்கை தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும். தமிழ் உள்ளிட்ட 22 அட்டவணை மொழிகளிலும் கிடைக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தேவைக்கு மிஞ்சிய தரவுக்கு ஒப்புதல் செல்லாது. மருத்துவ ஆலோசனைச் செயலி கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைக் கேட்பதைச் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது.

இவை வரவேற்கத்தக்கவை, ஆயினும் போதாதவை. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை 17ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளோ நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தந்துள்ளன. மறுத்தால் வேலை இல்லை எனும்போது, எளிய தமிழில் எழுதப்பட்ட கொள்கையும் தொழிலாளிக்குக் கட்டளையே.

எனவே புரியும் மொழியோடு, பிழைப்பை இழக்காமல் மறுக்கும் உரிமையும் வேண்டும். தனியொருவரால் இயலாத அம்மறுப்பு சங்கத்தால் இயலும். இந்த அவகாசக் காலத்திலேயே தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க வேண்டும்.