அந்தலுஸ் என்னும் பெயர்



ஸ்பெயினின் தென்பகுதி இன்று அந்தலூசியா எனப்படுகின்றது. குர்துபாவும் கர்னாதாவும் அதனுள் அடங்கும். ‘அல்அந்தலுஸ்’ என்ற அரபுப் பெயரே அவ்வாறு திரிந்தது, இதில் ஐயமில்லை. ஆனால் அந்த அரபுப் பெயர் எங்கிருந்து வந்தது?

வந்தால்கள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தாரின் பெயரிலிருந்தே வந்தது என்று பதுளையில் மாணவர் அமர்வொன்றில் நான் உறுதியாகக் கூறிவிட்டேன். ஓதும் காலத்தில் காதால் கேட்டதுதான். தோட்டப்புறத்தில் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகன் எழுந்து, “மௌலவி, அவர்கள் அங்கே எத்தனை வருடம் இருந்தார்கள்?” என்றார். அருகிலிருந்த வாப்பா, “பேசாமல் இரு மகன்” என்று அவரை அடக்கினார். எனக்கோ விடை தெரியவில்லை.

பின்னர் தேடினேன். கி.பி. 409இல் ஸ்பெயினுக்குள் புகுந்த வந்தால்கள் 429இல் ஆபிரிக்காவுக்குச் சென்றுவிட்டனர். இருபதே வருடங்கள்! தாரிக் பின் ஸியாத் கடல் கடந்ததோ 711இல். இடையில் நெடுங்காலம் ஆண்டவர்கள் விசிகோத்துகள். அவர்களது மொழியில் பங்கிட்ட நிலத்தைக் குறிக்கும் சொல்லே மூலம் என்று 1989இல் ஹைன்ஸ் ஹால்ம் என்ற ஜெர்மானிய அறிஞர் வாதிட்டார். பழைய அரபு ஆசிரியர்கள் சிலரோ, நூஹ் (அலை) அவர்களின் வழித்தோன்றல் ஒருவரின் பெயர் என்றனர். எதுவும் நிறுவப்படவில்லை. கண்கூடான சான்று ஒரு பொற்காசு: ஹிஜ்ரி 98இல் அச்சிடப்பட்டது, ஒரு பக்கம் இலத்தீனில் ஸ்பெயினின் பெயர், மறுபக்கம் அரபியில் அல்அந்தலுஸ்.

1492இல் கர்னாதா வீழ்ந்தது, பெயர்கள் வீழவில்லை. ‘அல்வாதில் கபீர்’, அதாவது பெரிய ஆறு, ஸ்பானிய நாவில் குவாதல்கிவிர் ஆயிற்று. துரைமார் போன பின்னும் நாம் ‘ஸ்பிரிங்வெளி’ என்று நம் நாவுக்கேற்பச் சொல்லவில்லையா?

இன்னொன்றும் உண்டு. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், தம் நாட்டில் முஸ்லிம்களை அழைத்த ‘மூரோ’ என்ற பெயரையே நமக்கும் இட்டனர். வடமேற்கு ஆபிரிக்காவின் மௌரி மக்களைக் குறித்த சொல் அது. தமிழில் சோனகரான நாம் ஆங்கிலத்தில் இன்றும் மூர்களே!

அடுத்த அமர்வில், முன்பு சொன்னது நிரூபணமாகாத கருத்து என்று அதே பிள்ளைகள் முன்னிலையில் அறிவித்தேன். வாப்பாமாரே, அந்தப் பிள்ளை கேட்டது மரியாதைக் குறைவன்று. அவர் இப்போது வேறொன்று கேட்டிருக்கிறார்: “பதுளை என்ற பெயர் எப்படி வந்தது?” தேடிக்கொண்டிருக்கிறோம், அவரும் நானும்.